பாதி ஜன்னல்

எங்கள் வீட்டு ஜன்னல் என் முழங்காலுக்கு வரும். தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் தரையில் உட்கார வேண்டும். வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் படுத்துக்கொள்ள வேண்டும். சாவி வாங்கிய அன்று வெறும் அறையின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னலைக் காணோம்.

"கீழ பாரு" என்றார் என் கணவர்.

தரையை ஒட்டி, பாதி நிலா மாதிரி வளைந்த கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் வழியாக வந்த வெளிச்சம் என் கால் விரல்களில் மட்டும் விழுந்தது.

"என்னங்க இது? நாய் எட்டிப் பார்க்கறதுக்கா?"

"பழைய கட்டடம்ல. அப்படித்தான் இருக்கும்போல."

அவர் எதற்குமே அப்படித்தான் இருக்கும்போல என்பார். பஸ் டிப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுகிற வேலை. வண்டிகள் ஒருநாளும் அட்டவணைப்படி கிளம்பாது. அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது அவருக்கு. எனக்குப் பழகவில்லை. நான் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். ஒரு மயிரிழை தப்பினாலும் திரும்பக் கொண்டுவந்து மூஞ்சியில் எறிவார்கள். தப்பு தப்புதான் என்று பழகிய ஆள் நான்.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் நீதிமன்றமாக இருந்தது. கூரை விழுந்து, உள்ளே மரம் முளைத்து, பல வருஷம் சும்மா கிடந்தது. நான்கு பக்கச் செங்கல் சுவரும் மட்டும் உயரமாக, அழகாக நின்றன. அந்தச் சுவரில் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று சட்டம். அதனால் கட்டுமானக் கம்பெனி ஒரு யோசனை செய்தது. பழைய சுவரை ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் இன்னொரு லேசான பெட்டியை இறக்குவதுபோல. இரும்புத் தூண், மெல்லிய தகட்டுத் தளம், அதன்மேல் பலகை, எல்லாமே போல்ட்டு போட்டு முடுக்கியது, நம் வீட்டு இரும்புக் கட்டிலைப்போல. புதியது எங்கேயும் பழையதைத் தொடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்குச் சந்து.

யோசனையை நான் குறை சொல்லவில்லை. நல்ல யோசனைதான். விளம்பரப் படத்தில் ஒரு பெண் ஆளுயர ஜன்னல் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான், கட்டி முடிப்பதற்கு முன்பே, இருந்ததையெல்லாம் வழித்துக் கொடுத்து வாங்கினோம். அந்தப் பெண் மட்டும் என் கையில் கிடைத்தால், எந்த வீட்டில் நின்று குடித்தாய் தாயே என்று கேட்பேன்.

ஜன்னலின் மீதிப் பாதி கீழ்வீட்டில் இருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்து பேண்ட் வாத்தியாரும் அவருடைய அக்காவும் குடியிருந்தார்கள். அவர் ஊதுவது ட்ரம்பெட். எங்கள் வீட்டில் அவருக்கு ட்ரம்பெட்காரர் என்றே பெயர். அக்கா டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஜன்னல் கதவு ஒன்றே ஒன்று. அவர்கள் இடுப்பளவில் தொடங்கி என் முழங்காலில் முடியும். கொக்கி அவர்கள் பக்கம். அவர்கள் திறந்தால் எங்களுக்கும் திறந்துகொள்ளும். அவர்கள் மூடினால் எங்களுக்கும் மூடிக்கொள்ளும். முதல் மழைக்கு அவர்கள் ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போயிருந்தார்கள். என் பலகைத் தரை முழுக்கத் தண்ணீர். நான் தரையில் குப்புறப் படுத்துச் சந்துக்குள் கத்தினேன்.

"கீழ் வீடு! மூளையக் கழட்டி வெச்சுட்டா வெளிய போறீங்க?"

அவர்கள் திரும்பி வந்த பிறகு பதில் மேலே வந்தது. "மேல் வீடு! தரைய நக்கிக் குடிம்மா, தாகம் அடங்கும்!"

அன்றிலிருந்து போர். சந்தின் மேல் ஒரு மரப்பட்டை அடித்து மறைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாகக் குரல் போகும், வாசனை போகும், சீப்பு போகும், பென்சில் போகும். என் மாமனாரின் மாத்திரை உருண்டு போய் அவர்கள் வீட்டுக் குழம்பில் விழுந்ததாக அக்கா சத்தியம் பண்ணினார். சாயந்திரம் ஆனால் ட்ரம்பெட் சத்தம் தரையிலிருந்து கிளம்பும். மாமனாருக்கு நெஞ்சில் சளி, சாய்வு நாற்காலியிலேயே இருப்பவர். "பூமிக்கடியில யாரோ யானை வளர்க்கறாங்க" என்பார்.

ஒருநாள் நேரிலேயே இரண்டு கேட்டுவிடுவது என்று கீழே இறங்கிப் போனேன். ட்ரம்பெட்காரர் கதவைத் திறந்தார். பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டைப் போலவே கை தூக்கினால் கூரை தட்டும். ஜன்னலின் மேல்பாதியை என் தளம் வெட்டிவிட்டிருந்தது. அடிப்பாதிக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் மதில். வெளிச்சமெல்லாம் மேலே, என் கால் விரலுக்கு வந்து வீணாகிக்கொண்டிருந்தது. அக்கா கிழிந்த தலையணை உறையைக் கண்ணோடு ஒட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சண்டைக்கு வந்தியா? உட்காந்து போடு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். "அக்கா, மேல் பாதி எங்ககிட்ட இருக்கு. கீழ் பாதி உங்ககிட்ட இருக்கு. முழுசா யார்கிட்டதான் இருக்கு?"

"கம்பெனிக்காரன்கிட்ட" என்றார் ட்ரம்பெட்காரர். "முழு ஜன்னலுக்கு ரெண்டு வீட்டுக்காரங்ககிட்ட காசு வாங்கிட்டானே."

அந்த நிமிஷம் எங்கள் சண்டை முடிந்தது. இரண்டு வீட்டையும் ஒரே கை திருடியிருக்கிறது, நாங்கள் ஒருவரையொருவர் பிறாண்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மூன்று பேரும் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். மேலாளர் இஸ்திரி கலையாத சட்டையும் கலையாத சிரிப்புமாக இருப்பவர். எங்களுக்கு டீ கொடுத்தார்.

"மேடம், பாரம்பரியக் கட்டடத்துல வாழறதுன்னா ஒரு தனி அனுபவம். சுவரை நாம தொட முடியாது. சுவருக்கு ஏத்த மாதிரி நாமதான் மாறிக்கணும்."

"நான் என்ன, முழங்கால்ல கண்ணு வெச்சுக்கணுமா?"

"நல்லா பேசறீங்க மேடம்" என்று சிரித்தார்.

பல தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் டீ கொடுத்தார். கடைசியில் அந்த டீயைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

இப்படியே போயிருந்தால் நானும் அப்படித்தான் இருக்கும்போல என்று பழகியிருப்பேனோ என்னவோ. ஒரு சனிக்கிழமை மதியம் தரைத்தளத்து பெயிண்ட் கடையின் சரக்கறையில் தீப்பிடித்தது. பெரிய தீ இல்லை. ஒரு மூலையில் கிடந்த துணியும் டப்பாக்களும் புகைந்தன. கடைக்காரர் மணலைக் கொட்டி அணைத்தும்விட்டார். ஆனால் புகை? அதற்கு வழி தயாராக இருந்தது. பழைய சுவருக்கும் புதிய தளத்துக்கும் நடுவில், கீழிருந்து மேல்வரை, புகைபோக்கி மாதிரி.

நான் என் கண்ணாடிக் கடையில் இருந்தேன். அவர் டிப்போவில். மாமனார் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் ட்ரம்பெட்காரர் வீட்டில் இருந்தார். மாமனாரின் இருமல் எல்லாம் அவருக்கு அத்துப்படி, தினமும் கூரை வழியாகக் கேட்கிறவர் ஆயிற்றே. அன்றைக்குக் கேட்டது வேறு இருமல். உள்ளே இழுத்த மூச்சு வெளியே வராத இருமல். மூச்சை வைத்துப் பிழைக்கிற மனுஷன், புரிந்துகொண்டார். படியேறி ஓடி, கதவை உடைத்து, கறுப்புப் புகைக்குள் தவழ்ந்து, மாமனாரை நாற்காலியோடு இழுத்து வந்தார். அக்கா ஒவ்வொரு மாடியாக ஏறிக் கதவைத் தட்டிக் கத்தினார். ஒருவர் பாக்கியில்லாமல் வெளியே வந்தது அந்தக் குரலால்தான்.

நான் ஓடி வந்தபோது மாமனார் தெருவோரத்தில் கிடந்தார். மூக்கைச் சுற்றிக் கரி. என்னைப் பார்த்து ஏதோ சொல்லப் பார்த்தார். குரல் வரவில்லை. ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது எனக்கு அழுகை வரவில்லை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டேன்.

மறுநாள் தீயணைப்பு அதிகாரியாக ஒரு பெண் வந்தார். எங்கள் வீட்டுத் தரையில் மண்டியிட்டு மரப்பட்டையைப் பெயர்த்து டார்ச் அடித்தார். வெளிச்சம் கீழே கடை வரை போனது. மேலே திருப்பினார். கூரை வரை போனது.

"இங்க ஒவ்வொரு மாடியிலயும் தீ தாங்கற பஞ்சு வெச்சு அடைச்சிருக்கணும். அடைச்சாலும் சுவருக்கு ஒண்ணும் ஆகாது. சும்மா திணிச்சு வைக்கறதுதான்" என்றார். பிறகு எழுந்து நின்றார். உயரமானவர், தலை எங்கள் தாழ்ந்த கூரையில் இடித்தது. தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீங்க எந்த மாடி?"

"ரெண்டாவது."

"இந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்ததே நான்தான். கீழ கடை. அதுக்கு மேல உசரமா ஒரு மாடி. அதுக்கு மேல கூரையடியில ஒண்ணு. அவ்வளவுதான். நான் வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு நடுவுல இதைச் செருகியிருக்காங்க." டார்ச்சை அணைத்தார். "அம்மா, நீங்க எழுதிக் கொடுத்தா நான் மேல எடுத்துட்டுப் போவேன். ஆனா யோசிச்சுக்கோங்க. இந்தத் தளத்தையே கழட்டச் சொல்லுவாங்க."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் சொன்னது என் சமையலறையை. என் படுக்கையறையை. நான் நின்றுகொண்டிருந்த பலகையை.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நம்ம வீட்டைப் பிரிச்சுப் போடச் சொல்லி நாமே எழுதிக் கொடுக்கறதா? அப்பா இந்த நிலைமையில இருக்காரு. எங்க போவோம்?"

"எழுதிக் கொடுக்கலன்னா?"

"அந்த இடுக்கை மட்டும் அடைச்சுக் குடுக்கச் சொல்லுவோம். போதுமே."

"நம்ம காதுல பூ சுத்தினவனுக்கு நாமே பூவும் பறிச்சுக் குடுக்கலாம்கறீங்களா?"

எனக்கு அவர்மேலும் ஆத்திரம் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

மாமனார் வீடு திரும்பிய மறுநாள் மேலாளர் வந்தார், பழக்கூடையோடு. தலை இடிக்காமல் குனிந்தே நடந்தார். அவருக்குக் கூரை உயரம் நன்றாகத் தெரிந்திருந்தது. மாமனாரின் மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர்.

"பெரியவரைப் பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கு" என்று ஆரம்பித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தார். ஊரின் நல்ல பகுதியில் கம்பெனிக்கு இன்னொரு கட்டடம் இருக்கிறது. லிஃப்ட் உண்டு. பால்கனி உண்டு. அதில் எங்களுக்கு ஒரு வீடு. சும்மாவே. நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கம்பெனி அந்தச் சுவர் இடுக்கை ஒழுங்காகத்தான் அடைத்திருந்தது, கேபிள் இழுப்பதற்காக நாங்களும் கீழ்வீட்டுக்காரரும் அடைப்பைப் பிடுங்கிவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அக்காவின் வீட்டையும் சேர்த்து மாட்டிவிடச் சொல்கிறான். புகைக்குள் தவழ்ந்து வந்த மனுஷனை. நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கேட்டார், ரொம்ப சாதுவாக, டிப்போவில் வண்டி எண் கேட்பதுபோல.

"அந்த அடைப்பு என்ன கலர்ல இருந்துச்சு சார்?"

"என்ன?"

"நாங்க பிடுங்கினோம்னு சொல்லணும்ல. யாராவது கேட்டா என்ன கலர்னு சொல்ல? வெள்ளையா, மஞ்சளா?"

மேலாளர் சிரித்தார். "வெள்ளைன்னே வெச்சுக்கலாம்."

"வெச்சுக்கலாம்." அவர் எழுந்தார். "நீங்க வெச்சிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வெக்கல. எங்கப்பா நெஞ்சுல போனது உங்க புகை. அதுக்கு எங்க வாயாலயே நாங்கதான் காரணம்னு சொல்லணும், அப்படித்தானே? பழத்தை எடுத்துட்டுப் போங்க."

குனிந்து வந்தவர் அவசரத்தில் நிமிர்ந்தே எழுந்தார். ணங்கென்று கூரையில் இடித்துக்கொண்டார். மாமனார் குழாயோடு சிரித்தார். அது இருமலாகி, நான் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று சாயந்திரமே எழுதிக் கொடுத்தோம்.

அதோடு சண்டை முடியும் என்று நினைத்தேன். அப்போதுதான் தொடங்கியது. எங்கள் தளத்தில் இன்னும் மூன்று குடும்பங்கள். அவர்களை யோசிக்காமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர்கள் எங்கள் பக்கம் நிற்பார்கள் என்று நம்பிவிட்டேன். கம்பெனி தரைத்தளக் கூடத்தில் கூட்டம் போட்டது. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரின் மனைவி என் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள்.

"உங்க மாமா இருமினதுக்கு நாங்க ரோட்டுக்குப் போகணுமா? எங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்கு. யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தே?"

அவள் கேட்டது சரியான கேள்வி. முன்கூட்டியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பதிலை அக்கா முந்திக்கொண்டார்.

"ஏம்மா, அன்னைக்கு உன் குழந்தையத் தூக்கிட்டு நீ எப்படி வெளிய வந்தே? நான் கத்தினதாலதானே? என் தொண்டை எத்தனை நாளைக்குத் தாங்கும்? அடுத்த தடவை நான் கடைக்குப் போயிருந்தா?"

அவள் அழ ஆரம்பித்தாள். இந்த நேரம் பார்த்து மேலாளர் எழுந்து, நெற்றியில் பிளாஸ்திரியோடு, பேசினார். கம்பெனிக்கு வருத்தம். ஆனால் கம்பெனியின் கை கட்டப்பட்டிருந்தது. பழைய சுவரின்மேல் எதுவும் படக்கூடாது என்று சட்டம். அடைத்தால் சுவருக்குச் சேதம் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான்...

"நிறுத்துங்க" என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"சுவர் மேல பஞ்சு பட்டாக்கூட வலிக்கும்னு பயந்தீங்களா? ஜன்னல் நடுவுல தகட்டைக் கொண்டுவந்து நிறுத்தும்போது வலிக்கலையா? கள்ளத்தனமா ஒரு மாடி செருகும்போது வலிக்கலையா? செங்கல்லுக்கு ஒரு கீறல் விழுந்தா உங்களுக்கு அபராதம். எங்க மாமா நெஞ்சுக்கு ஒண்ணு ஆனா ஒரு பழக்கூடை! சட்டம் சுவரைக் காப்பாத்தச் சொல்லிச்சு. உள்ள இருக்கற எங்களைக் கொல்லச் சொல்லிச்சா? இந்தச் சுவர் மேல பழியப் போடாதீங்க. அது அது பாட்டுக்கு நிக்குது. அது யாரையும் ஏமாத்தல."

பிறகு ட்ரம்பெட்காரர், கூச்ச சுபாவம் உள்ளவர், மெல்லச் சொன்னார். "இந்தப் பழைய நீதிமன்றத்துல இன்னைக்குத்தான் முதல்முறையா ஒரு கேஸ் ஒழுங்கா நடக்குது." யாரோ சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரரின் மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேற வீடு தந்தாதான் நாங்க காலி பண்ணுவோம். அதை மொதல்ல எழுதச் சொல்லு" என்றாள். என்னிடம்தான் சொன்னாள். கோபம் போகவில்லை, ஆனால் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உத்தரவு வந்தது. சுவரோர இடுக்கை எல்லா மாடியிலும் அடைக்க வேண்டும். எங்கள் தளத்தை அகற்ற வேண்டும். நான்கு குடும்பங்களுக்கும் கம்பெனி ஈடான வீடு கொடுக்க வேண்டும். கம்பெனி மேல்முறையீடு செய்தது, இழுத்தடித்தது, தோற்றது. பிரிக்கும் நாளன்று நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். போல்ட்டுகளைக் கழற்றினார்கள். என் சமையலறைத் தரை கயிற்றில் கட்டி இறங்கியது. எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. அடுப்பு இருந்த இடம். ஒரு வீட்டைப் பிரிக்க இவ்வளவு குறைந்த நேரம் போதுமா என்று இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜெயித்த ஆளின் தரையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மற்ற மூன்று குடும்பங்களுக்கும் வீடு கிடைத்துவிட்டது. எங்களுக்கு இன்னும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். டிப்போவுக்குப் பின்னால் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு ஏன் தாமதம் என்று தெரியும். மேலாளருக்கும் தெரியும். இப்போதெல்லாம் டீகூடக் கொடுப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அந்தக் கம்பெனியின் விளம்பரம் பார்த்தேன். கடற்கரைச் சாலையில் ஒரு பழைய நூல் ஆலை. சுவர்கள் அப்படியே, உள்ளே புதிய வீடுகள், முன்பதிவு நடக்கிறது. நான் செருப்பை மாட்டினேன்.

"எங்கே?" என்றார் அவர்.

"புக்கிங் ஆபீசுக்கு."

"இரு, சட்டை போட்டுட்டு வரேன்." மாமனாரும் வருவேன் என்று அடம்பிடித்தார். பஸ்ஸில் சின்ன சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஆபீசில் கூட்டம். ஓர் இளம் தம்பதி மேசை முன்னால் உட்கார்ந்து, ஆசையாக ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் பின்னால் போய் நின்றேன்.

"ஜன்னல் உங்க வீட்டுக்குள்ள எவ்வளவு உயரத்துல வரும்னு கேட்டீங்களா? சுவருக்கும் தரைக்கும் நடுவுல எதை வெச்சு அடைக்கறாங்கன்னு கேளுங்க. என்ன கலர்னு கேளுங்க."

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தாள். "என்ன கலர் சார்?"

காவலாளி எங்களை நோக்கி வந்தான். என் வீட்டுக்காரர் அவனை வழிமறித்து, இங்கிருந்து கடற்கரைக்கு எந்த பஸ் போகும் என்று பொறுமையாக விசாரிக்க ஆரம்பித்தார். மாமனார் நடுவில் கிடந்த சோபாவில் வசதியாக உட்கார்ந்து, குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"நீ பேசும்மா" என்றார் என்னிடம். "நான் இங்கயே உட்காந்து இருமிட்டு இருக்கேன்."